ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, ஆனால் வலி போகவில்லை. யாருக்காவது இப்படி நடந்ததா?

தேன்சிட்டு
அம்மாவுக்கு நடந்தாலே நெஞ்சு அழுத்தும். டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்கவிட்டு எடுக்கும் ஈசிஜி), ஆஞ்சியோ எல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, "அடைப்பே இல்லை, சந்தோஷமா வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். மணிக்கட்டில் கட்டோடு இருந்த கையை அம்மா நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை. "அப்போ இந்த வலி எங்கிருந்து வருது டாக்டர்?" என்று கேட்டார். "டென்ஷனா இருக்கும்." அதற்கு அப்புறம் வலி வந்தால் அம்மா யாரிடமும் சொல்வதில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு போன இடத்தில்தான், இதயத்தில் அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் ஆஞ்சியோவில் தெரியாது என்றே சொன்னார்கள். மெல்லிய கம்பி விட்டு, குழாய்களை விரிக்கும் அடினோசின் மருந்து கொடுத்து அளந்ததில் சிஎஃப்ஆர் 1.6, அதாவது ரத்த ஓட்டம் ஓய்வில் இருப்பதைப் போல 1.6 மடங்குதான் ஆனது. பெரிய குழாயில் அடைப்பில்லாமல் அது 2க்குக் கீழே இருந்தால் கோளாறு நுண்குழாயில்தான்.

வெண்பனி
எனக்குக் கம்பி இல்லை, ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ. அடினோசின் ஏறியதும் முகமெல்லாம் சூடு, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. காதுக்குள் "மூச்சை நிறுத்துங்க, அப்படியே நிறுத்துங்க" என்று ஒரு குரல். வரவே வராத மூச்சை எங்கே நிறுத்துவது! மருந்தை நிறுத்தியதும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அப்புறம் படத்தைக் காட்டினார்கள். இதயச் சுவரின் உள் ஓரம் முழுக்கக் கறுப்பாக ஒரு வளையம். ஓய்வில் எடுத்த படத்தில் அது இல்லை. யாருமே நம்பாத வலியைக் கண்ணால் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

நதிக்கரை
இங்கே இதயத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்கள் அப்பாவுக்கு அதே மாதிரி நுண்குழாய் நோய் மூளையில். கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை. நடை மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. பாதம் தரையைத் தேய்க்கும். ஒரு கேள்வி கேட்டால் பதில் சரியாகத்தான் இருக்கும், ஆனால் நாம் அடுத்த வேலைக்குப் போன பிறகுதான் வரும். எம்ஆர்ஐயில் ஃப்ளேர் என்ற வகைப் படத்தில் மூளையின் நீரறைகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ரிப்போர்ட்டின் கடைசி வரி: "வயதுக்கேற்ற மாற்றங்கள்." அதை நம்பி ஒரு வருடம் சும்மா இருந்தோம். அடுத்த நரம்பியல் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தவுடனே, "இது ஃபசேகாஸ் 3, யார் இதை வயசுன்னு சொன்னது?" என்று கேட்டார். வெள்ளைப் படர்வுக்கு 0 முதல் 3 வரை போடும் அளவு அது.

மூன்றாம்பிறை
நதிக்கரை, எல்லோரையும் பயமுறுத்தாதீர்கள். அறுபதைத் தாண்டிய பலருக்கு வெள்ளைப்புள்ளி இருக்கும். எனக்கும் இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறேன்.

நதிக்கரை
சார், உங்களுக்கு இருப்பது புள்ளி. அப்பாவுக்குப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படர்ந்துவிட்டது. 1க்கும் 3க்கும் உள்ள வித்தியாசமே அதுதான். கூடவே பழைய லாக்கூன்கள், 3 முதல் 15 மில்லிமீட்டர் வரை வரும் சின்னக் குழிகள். பெரும்பாலும் யாருக்கும் தெரியாமல் வந்துபோன குட்டி பக்கவாதங்களின் தழும்பு அவை. நடையே மாறிப்போனவரிடம் வயசு என்று சொல்லி அனுப்புவது தப்பு. நீங்கள் நன்றாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

பழையவாசகன்
அண்ணனுக்கு மூளை சிடி ஸ்கேனில் ஒன்றுமே தெரியவில்லை, எம்ஆர்ஐயில் ரத்தக் கசிவைக் காட்டும் எஸ்டபிள்யூஐ படம் எடுத்தபோது கறுப்புக் கறுப்பாக நுண்கசிவுகள். என் அனுபவம் அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ரிப்போர்ட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், பழைய படங்கள் பதிந்த சிடி தட்டையும் கொண்டுபோங்கள். வெள்ளை எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதுதான் டாக்டருக்கு வேண்டும். பிரஷரை வீட்டிலேயே பார்த்து எழுதி வையுங்கள். 2019இல் வந்த ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வில், மேல் அளவை 140க்குப் பதில் 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு வெள்ளைப் பகுதி மெதுவாக வளர்ந்தது. வித்தியாசம் சின்னதுதான். எழுந்தால் கிறுகிறுத்து விழுபவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையைக் கூட்டிக்கொள்ள வேண்டாம், டாக்டர் சொல்லும் அளவுதான். சிகரெட் இருந்தால் இன்றைக்கே விடுங்கள். நுண்கசிவு இருக்கிறவர் ஆஸ்பிரினைத் தானாக ஆரம்பிக்கவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது. அடினோசின் டெஸ்ட் என்றால் முந்தின நாளிலிருந்தே காபி, டீ, சாக்லேட் வேண்டாம், கஃபீன் அந்த மருந்தை வேலை செய்ய விடாது. குடும்பத்தில் ஒற்றைத் தலைவலியும் இள வயதுப் பக்கவாதமும் தொடர்ந்து வந்தால் காடாசில் பற்றிக் கேளுங்கள், அது நாட்ச்3 மரபணுக் கோளாறால் பரம்பரையாக வரும் மூளை நுண்குழாய் நோய்.

தேன்சிட்டு
நதிக்கரை, உங்கள் அப்பாவின் நடையைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அம்மாவும் இப்போது பாதத்தைத் தேய்த்துத்தான் நடக்கிறார், மூட்டுவலி என்று விட்டுவிட்டோம். எம்ஆர்ஐ எடுத்தால் எஸ்டபிள்யூஐ தானாகவே சேர்ந்து வருமா?

நதிக்கரை
எல்லா இடத்திலும் வராது, டாக்டர் எழுதும்போதே கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். சிஎஃப்ஆர் ரிப்போர்ட்டையும் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள், இதயத்திலும் மூளையிலும் இந்த நோய் ஒரே ஆளுக்கு வருவதுண்டு. அம்மா நடப்பதை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் அறையில் நான்கு அடி நடக்கும்போது எல்லோரும் நிமிர்ந்து நடந்துவிடுவார்கள்.