நோன்பில் விட்டது பெருநாளில் ஏன் திரும்பி வந்தது?

ஜார்ஜ்டவுன் சகோதரர்:

அஸ்ஸலாமு அலைக்கும். தவ்பா (பாவமன்னிப்புக் கேட்டுத் திருந்துவது) செய்து ஒன்றை விட்ட பிறகும் அதிலேயே மறுபடி விழுந்து எழுந்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் கதையைச் சொல்கிறேன்.

பினாங்கில் அத்தா காலத்து நாசி கண்டார் (சோறும் கறியும்) கடை எங்களுடையது. 17 வயதில் சிகரெட்டைத் தொட்டேன். நாளுக்கு ஒரு பெட்டி. பெட்டி விலை 17 ரிங்கிட்டைத் தாண்டிய பிறகும் குறைக்கவில்லை. தேசிய ஃபத்வா குழு 1995-லேயே புகைப்பது ஹராம் என்று சொல்லிவிட்டது. அது எனக்குத் தெரியும், என்னோடு புகைத்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாமல் செய்த காரியம் இல்லை இது.

2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. நாங்கள் கடையின் பின்சந்துக்குப் போய்விட்டோம். வெங்காய மூட்டைகளும் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்களும் கிடக்கும் அந்தச் சந்துதான் எங்களுக்குத் திண்ணை. ஊரிலிருந்து வந்த தகவல், சம்பளக் குறை, பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு எல்லாம் அங்கேதான் நடக்கும். நான் விட முடியாமல் தவித்தது புகையிலையை மட்டும் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் ரமலானில் சிகரெட்டை விடுவதென்று நிய்யத் (மன உறுதி) வைத்தேன். பகலில் 13 மணி நேரத்துக்கு மேல் எப்படியும் தொடப்போவதில்லை. நோன்பு திறந்த பிறகும் தொடாமல் இருந்துவிட்டால் முடிந்தது என்று கணக்குப் போட்டேன். முப்பது நாளும் இருந்தேன், அல்ஹம்துலில்லாஹ். பெருநாள் தொழுகை முடிந்து கை கொடுத்து முஸாபஹா செய்துகொண்டு நிற்கும்போது மச்சான் தோளில் கைபோட்டு, "பெருநாள்தானே, ஒன்று பிடி" என்று பெட்டியை நீட்டினார். வாங்கினேன். அன்று மாலைக்குள் ஒரு பெட்டி காலி.

அதன் பிறகு மூன்று வருடம் நான் முயற்சியே செய்யவில்லை. தோற்றதைவிட, தோற்றதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் என்னை முடக்கியது. "நீ விட்ட கதை எங்களுக்குத் தெரியாதா" என்று யாராவது சொல்லும்போது நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே வலிக்கும். நோன்பு மாதத்தில் ஊரே சேர்ந்து நிறுத்துகிறது, அதனால் நம்மாலும் முடிகிறது. ஷவ்வால் பிறை, அதாவது பெருநாள் பிறை, தெரிந்ததும் தனியாக நிற்க வேண்டியிருக்கிறது. என் கால் இடறியது அந்த இடத்தில்தான்.

என்னைத் திருப்பியது ஒரு இஷா (இரவுத்) தொழுகை. நாள் முழுக்க வெங்காயத்தோடும் பூண்டோடும் நிற்பவன் நான். அவற்றைத் தின்றுவிட்டு அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) சொன்ன ஹதீஸை அத்தா சிறு வயதிலேயே எனக்குச் சொல்லியிருக்கிறார். கையில் இருப்பது வெறும் வாடைதான் என்றாலும், கடையிலிருந்து புறப்படுமுன் எலுமிச்சை மூடியால் விரல் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் போவேன். அன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் என் பக்கத்தில் நின்ற பெரியவர் தோள்துண்டின் நுனியை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸலாம் கொடுத்ததும் என் பக்கம் திரும்பிக் கை கொடுத்தார். எலுமிச்சை மணக்கும் கையால் அந்தக் கையைப் பிடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காய வாடைக்கு இத்தனை பேணுதலாக இருந்தவன், சந்தில் நின்று புகைத்துவிட்டு நேரே ஸஃப்பில், தொழுகை வரிசையில், வந்து நின்றிருக்கிறேன்.

அது 2022, ரமலானுக்கு முந்திய வாரம். இந்த முறை அரசாங்க கிளினிக்குக் கூச்சப்படாமல் போனேன். ஒரு சிறு கருவியில் ஊதச் சொன்னார்கள். மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடை அது காட்டும். எனக்கு 23 காட்டியது. அங்கிருந்த மிஸ்ஸி (நர்ஸ்), மலாய்ப் பெண்மணி, ஆசை எழும்போது ஐந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள், அலை மாதிரி ஏறி இறங்கிவிடும் என்றார். நிகோடின் சூயிங்கம் கொடுத்தார்கள். நோன்பு திறந்த பிறகு மட்டும் மென்றேன். அந்த ஐந்து நிமிடத்துக்கு நான் ஒளுவை (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) பிடித்துக்கொண்டேன். ஆசை வந்தால் ஒளுச் செய்வேன், இடம் கிடைத்தால் இரண்டு ரக்அத். பொறுமையைக் கொண்டும் தொழுகையைக் கொண்டும் உதவி தேடச் சொல்கிறது குர்ஆன் (2:45). எத்தனையோ பயானில் கேட்ட ஆயத்து அது. சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டு முழங்கைவரை தண்ணீர் ஓடும்போதுதான் எனக்கென்று இறங்கியது போல இருந்தது.

பெருநாளுக்கு முந்திய இரவு மச்சானைத் தேடிப் போனேன். "நாளைக்கு என் முன்னால் பெட்டியை நீட்டாதீர்கள் மச்சான். நீட்டினால் வாங்கிவிடுவேன்" என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். "இதைப் போன தடவையே சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. ஆறு வாரம் கழித்து அதே கருவி 3 காட்டியது. சந்துக்கு இப்போதும் போகிறேன், கையில் தே ஹாலியாவோடு (இஞ்சி டீ).

கோலாலம்பூர் சகோதரி:

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்ற கூச்சத்தை நீங்கள் எழுதியதால் நானும் சொல்கிறேன்.

எனக்கு 44 வயதுவரை குர்ஆன் ஒழுங்காக ஓதத் தெரியாது. சின்ன வயதில் மதரஸா பாதியில் நின்றுவிட்டது. கத்தம் (குர்ஆனை முழுதாக ஓதி முடிப்பது) ஓதும் வீடுகளில் ஜுஸ்உவை (குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்று) கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பக்கம் திருப்பும்போது நானும் திருப்புவேன். இருபது வருடம் அப்படி நடித்தேன். என் மகள் எட்டு வயதில் என்னைவிட நன்றாக ஓதினாள். அவள் சந்தேகம் கேட்டு வந்தால் அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லிவிடுவேன்.

மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடையில் வேலை எனக்கு. கூட வேலை பார்க்கும் லாத்தாவிடம்தான் (அக்கா) முதலில் உண்மையைச் சொன்னேன். அவர் ஓதிக் கொடுக்கும் ஒரு உஸ்தாதாவிடம் அழைத்துப்போனார். அல்ஹம்து சூராவில் முதல் வார்த்தையிலேயே நிறுத்தினார் உஸ்தாதா. நான் சாதாரண 'ஹா' சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அங்கே வருவது தொண்டையின் நடுவிலிருந்து எழும் 'ஹா'. கண்ணாடியைத் துடைக்குமுன் வாயால் ஊதுவோமே, அந்த மூச்சு என்று தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஊதிப் பார்த்தேன், ஆவி படிந்தது. அந்த ஒரு எழுத்துக்கு எனக்கு ஒன்பது நாள் ஆனது. வங்சா மாஜுவிலிருந்து மஸ்ஜித் ஜாமேக்வரை எல்ஆர்டி ரயிலில் முகக்கவசத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன். திக்கித் திணறி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்ற ஹதீஸை உஸ்தாதா சொன்ன அன்று வீட்டுக்குப் போய் மகளிடம், "அம்மாவுக்குச் சொல்லிக் கொடு" என்று கேட்டேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதி) எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இப்போது நான்காவது ஜுஸ்உவில் இருக்கிறேன்.

பாயான் லெப்பாஸ் தம்பி:

நான் ஜெயித்த கதை எதுவும் கொண்டுவரவில்லை. தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். ஏழு மணிக்கு வேலை விட்டு வந்து விழுந்தால் அஸருக்குத்தான் (மாலைத் தொழுகை நேரம்) விழிப்பு. லுஹர் (நண்பகல் தொழுகை) போய்விடுகிறது. வேலைக்கு நடுவே வரும் சுபுஹும் (அதிகாலைத் தொழுகை) பல நாள் நேரம் தவறிக் கழாதான். ஐந்து வேளைத் தொழுகையை நான்கு தடவை ஆரம்பித்து நான்கு தடவையும் விட்டுவிட்டேன். இனி அல்லாஹ்விடம் கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

ஜார்ஜ்டவுன் சகோதரர்:

தம்பி, கேட்க வெட்கப்படாதீர்கள். வரம்பு மீறியவர்களைக் கூப்பிட்டுத்தான் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அல்லாஹ் சொல்கிறான் (39:53). ஐந்தையும் ஒரே நாளில் தூக்கப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஐந்தும் பர்ளுதான் (கட்டாயக் கடமை), எதையும் விடச் சொல்லவில்லை. முதலில் சுபுஹை இறுக்கிப் பிடியுங்கள். பினாங்கில் அதன் நேரம் ஆறு மணியை ஒட்டித்தான் வருகிறது. உங்கள் ஷிப்ட் முடிய அப்போது இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். தொழுவதற்குப் பத்து நிமிடம் வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் வாய் திறந்து கேட்டீர்களா? நான் மச்சானிடம் கேட்க மூன்று வருடம் எடுத்துக்கொண்டேன். நீங்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஓய்வு என்றால் சுபுஹுக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிக்கு வாருங்கள். ஒளுச் செய்யும் இடத்தில் நிற்பேன். தொழுதுவிட்டுக் கடைக்குப் போவோம், ரொட்டி சானாய் அந்த நேரத்தில்தான் சூடாக இருக்கும்.