அப்பாரின் அம்பாசடருக்கு எந்த எஞ்சின்?

குழு: தோட்டத்து வீடு, கொழிஞ்சாம்பாறை

ஞாயிறு

[காலை 6:52] நான்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாரு ஓட்டிய 1977ஆம் ஆண்டு மார்க் 3 அம்பாசடரைப் பற்றி இந்த மாதத்துக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். எஞ்சின் நீலப் புகை விடுகிறது, ஆயிலும் வேகமாகக் குறைகிறது. ஐம்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் கைக்குள் நடுங்குகிறது. போதாததற்கு வண்டி வலப்பக்கமாக இரண்டு விரற்கடை சாய்ந்து நிற்கிறது. கோவை உக்கடத்தில் ஒரு பழைய உதிரிபாகக் கடையில், அம்பாசடர் 1800 வண்டியிலிருந்து இறக்கிய இசுசு பெட்ரோல் எஞ்சினை அதன் ஐந்து கியர் பெட்டியோடு வைத்திருக்கிறார்கள். அதை வாங்கி ஏற்றிவிடலாமா என்று உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

[காலை 7:10] பாலக்காட்டு அண்ணன்:
வாங்கிவிடு தம்பி. நம் வண்டியில் இருப்பது 1489 சிசி, அது 1817 சிசி. இதில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் எஞ்சின் பிளாக்குக்குள் இருந்துகொண்டு தள்ளுகம்பியால் வால்வைத் திறக்கிறது. அதில் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே இருக்கிறது. நெல்லியாம்பதி ஏறும்போது போத்துண்டி அணையைத் தாண்டியதும் இந்த வண்டி எப்படித் திணறும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கம்பெனியே அம்பாசடரில் வைத்து விற்ற எஞ்சின் என்பதால், நம் வண்டிக்குப் பொருந்துமா என்று பயப்பட வேண்டியதில்லை.

[காலை 7:48] வேலந்தாவளம் சித்தப்பா:
தம்பி, அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதே. முப்பது வருடம் இந்த வண்டிகளின் அடியில் படுத்து வேலை செய்தவன் என்ற முறையில் விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்க வேண்டும்.

கம்பெனி இசுசுவை வைத்தபோது எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங், கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ரேடியேட்டர், கிளட்ச், சைலன்சர் குழாய் எல்லாவற்றையும் அந்த எஞ்சினுக்கேற்ப அமைத்தார்கள். நம் மார்க் 3இல் கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிறது. ஐந்து கியர் பெட்டி வந்தால் தரையில் ஓட்டை போட வேண்டும், கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்டை அளந்து வெட்டிப் பற்றவைத்து மறுபடியும் பேலன்ஸ் செய்ய வேண்டும். அந்த பேலன்ஸ் சரியாக அமையாவிட்டால் அறுபதில் வண்டி முழுவதும் அதிரும்.

அதைவிடப் பெரிய விஷயம், அம்பாசடருக்குத் தனியாகச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் சேசிஸ். நாற்பத்தைந்து வருடத்துக்கும் மேலாகத் தென்னந்தோப்பு ஈரத்தில் நின்ற வண்டியின் அடித்தகட்டில் எங்கெங்கே துரு தின்றிருக்கிறது என்று தட்டிப் பார்க்காமல், அந்தத் தகட்டிலேயே புது மவுண்டிங்கைப் பற்றவைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

[காலை 8:05] பொள்ளாச்சி அத்தை:
கண்ணு, நானும் அந்த வண்டியைப் பல வருடம் ஓட்டியவள். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். பழனிக்குப் போகும்போது உடுமலைக்கு முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்து, பெடல் மேல் எழுந்து நின்று மிதித்தும் வண்டி நிற்க எவ்வளவு தூரம் எடுத்தது என்பது இன்னும் என் காலுக்கு நினைவிருக்கிறது. இன்னும் வேகமாக ஓடும் எஞ்சினை வைத்தால், நிறுத்துவதற்கு என்ன ஏற்பாடு செய்யப் போகிறாய் என்பதை முதலில் சொல்.

[காலை 8:21] வேலந்தாவளம் சித்தப்பா:
அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. நடுக்கமும் சாய்வும் எஞ்சினால் வருபவை அல்ல. எந்த எஞ்சினை வைத்தாலும் அவை அப்படியே இருக்கும், அதனால் முன்பக்கத்திலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

முன் சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, டயரின் மேலும் கீழும் கையை வைத்து ஆட்டிப் பார். ஆட்டம் தெரிந்தால் வேறொருவரைப் பிரேக் பெடலை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டு. பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது. மிதித்த பிறகும் ஆடினால், ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கிங் பின்னும் அதன் புஷ்களும் தேய்ந்துவிட்டன. அங்கே கிரீஸ் அடிக்கும் நிப்பிள்கள் இருக்கின்றன. அப்பாரு மாதம் தவறாமல் தம் கையாலேயே கிரீஸ் கன் பிடித்து அடிப்பார். அவருக்குப் பிறகு யாரும் அந்த நிப்பிளைத் துடைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கு வருத்தம்தான்.

[காலை 8:24] நான்:
உண்மைதான் சித்தப்பா. நான் ஒருமுறையும் அடித்ததில்லை. சாய்வுக்கு என்ன காரணம் என்றும் சொல்லுங்கள்.

[காலை 8:50] வேலந்தாவளம் சித்தப்பா:
அம்பாசடரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை, இரண்டு பக்கமும் டார்ஷன் பார்தான். நீளமான உருக்குக் கம்பியின் முன்முனை சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையிலும் பின்முனை வண்டியின் அடியிலும் பிடிக்கப்பட்டிருக்கும். சக்கரம் மேலே எழும்போது கம்பி முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். பல வருடம் ஓட்டுநர் பக்கமே பாரம் ஏறியதால் வலப்பக்கக் கம்பி தளர்ந்திருக்கலாம். பின்முனையில் இருக்கும் பற்களில் இடம் மாற்றிப் பூட்டினால் உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. கழற்றுவதற்கு முன் பற்கள் பொருந்தியிருந்த இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இடப்பக்கக் கம்பியை வலப்பக்கத்தில் போடவே கூடாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு திசை முறுக்குக்கே பழக்கப்பட்டது. பல வருடங்களுக்கு முன் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறையில் என் சொந்த வண்டியின் கம்பிகளைப் பக்கம் மாற்றிப் போட்டு, போதாக்குறைக்கு உளியால் தட்டி மேலே வெட்டுக்காயமும் வைத்துவிட்டார்கள். மூன்றாவது மாதம் கோபாலபுரம் சாலையில் கம்பி இரண்டாக முறிந்து, முன்பக்கம் டயர் மேல் உட்கார்ந்துவிட்டது. வண்டிக்குள் என் குழந்தைகள் இருந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கம்பியில் சிறு கீறல் இருந்தாலும் நான் மறுபடி பூட்டுவதில்லை.

எஞ்சின் எடை மாறினாலும் இதே கம்பிதான் அதைச் சுமக்க வேண்டும். டீசல் எஞ்சினை ஏற்றிய எத்தனையோ அம்பாசடர்கள் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு ஓடியதற்குக் காரணம் இதுவே.

[காலை 9:15] சித்தூர் மாமா:
மாப்பிள்ளை, சட்டப்பக்கத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. இதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிசெய்தது. அந்த வழக்கே நம் கேரளத்திலிருந்து போனதுதான். 1489 சிசி என்று எழுதியிருக்கும் ஆர்சி புத்தகத்தோடு 1817 சிசி எஞ்சினை ஓட்டினால், ஃபிட்னஸ் பார்த்துப் பதிவை ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கும் நாளில் மாட்டிக்கொள்வாய். விபத்து ஏதும் நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் எஞ்சின் எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அதே வகை எஞ்சினைப் போடுவதானாலும் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, புது எஞ்சின் எண்ணை ஆர்சியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். உக்கடத்தில் வாங்கும் எதற்கும் எஞ்சின் எண் எழுதிய பில் வேண்டும், அது எந்த வண்டியிலிருந்து இறங்கியதோ அந்த வண்டியின் பதிவு ரத்தான காகிதமும் வேண்டும். தமிழ்நாட்டு எஞ்சினை எந்தக் காகிதமும் இல்லாமல் வாளையார் வழியாகக் கொண்டுவந்து கேரள வண்டியில் வைத்தால், திருட்டுப் பொருள் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உன் தலையில்தான் விழும்.

[காலை 9:31] பாலக்காட்டு அண்ணன்:
மாமா சொன்ன பிறகு இசுசுவை நான் வற்புறுத்தவில்லை. ஆனால் பழைய எஞ்சினைச் சரிசெய்தால் நம்பிக்கையாக ஓடுமா சித்தப்பா?

[காலை 9:58] வேலந்தாவளம் சித்தப்பா:
ஓடும். கழற்றுவதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறும் அழுத்தம், பார்க்க வேண்டும். எண் குறைவாக வரும் சிலிண்டரில், பிளக் துளை வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். எண் ஏறினால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் குறை வால்வில் இருக்கிறது. போரின் விட்டம் 73 மில்லிமீட்டர்தான். லேத்தில் கொடுத்து ரீபோர் செய்து, அதாவது போரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம்; ஏற்கெனவே எல்லை வரை கடைந்திருந்தால் உள்ளே லைனர் என்னும் புது உறைக்குழாய் இறக்க வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங் என்பதால் அந்த அளவுகளை மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் மூடக் கூடாது. முடித்த பிறகு முதல் ஆயிரம் கிலோமீட்டர் இழுத்து ஓட்டாமல், ஆயிலையும் சீக்கிரமே மாற்றிவிட்டால், நெல்லியாம்பதிக்கு மெதுவாகவேனும் ஏறிவிடும். பங்குனி வெயிலில் சூடேறாமல் இருக்க ரேடியேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

இதையெல்லாம் முன்பக்கமும் பிரேக்கும் முடிந்த பிறகுதான் தொடுவேன்.

[காலை 10:12] பொள்ளாச்சி அத்தை:
பிரேக் வேலைக்கு ஆகும் செலவு முழுவதும் என்னுடையது. வீல் சிலிண்டர், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடு கண்ணு. பழைய ஹோஸில் புது ஆயிலை ஊற்றித் திருப்திப்பட்டுக்கொள்ளாதே.

[காலை 10:20] நான்:
உக்கடம் கடைக்காரரிடம் எஞ்சின் வேண்டாம் என்று இப்போதுதான் சொல்லிவிட்டேன். கடப்பாரையின் கைப்பிடியால் அடித்தகட்டைத் தட்டிப் பார்த்ததில், முன் இடப்பக்கச் சக்கரத்துக்குப் பின்னால் ஓரிடத்தில் சத்தம் மந்தமாக வருகிறது. ஜாக்கில் தூக்கி அத்தை மகனைப் பிரேக் மிதிக்கச் சொல்லி ஆட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் ஆட்டம் நின்றுவிட்டது, வலப்பக்கம் நிற்கவில்லை.

[காலை 10:26] வேலந்தாவளம் சித்தப்பா:
அப்படியானால் வலப்பக்கம் கிங் பின், இடப்பக்கம் பேரிங். மந்தமாக ஒலித்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் அனுப்பு. வண்டியை அதுவரை சாலைக்கு எடுக்க வேண்டாம். புதன்கிழமை காலையில் என் ஸ்பேனர் பெட்டியோடு நானே வந்துவிடுகிறேன். நீ வெள்ளைப் பெயிண்டும் மண்ணெண்ணெயும் அப்பாருடைய கிரீஸ் கன்னும் எடுத்து வை.

[காலை 10:29] நான்:
கிரீஸ் கன் தேங்காய்க் கொட்டகைப் பரணில், அவர் சுற்றி வைத்த சாக்குக்குள்ளேயே இருக்கிறது சித்தப்பா. எடுத்துத் துடைத்து வைக்கிறேன்.