ஃபாண்டன்ட் மேல பேனாவால வரைஞ்ச கோடு கசியுது, உதவி ப்ளீஸ்

கேள்வி: கடலலை

வணக்கம் தோழிகளே. பொண்ணுக்கு ஆறு வயசு ஆகப்போகுது. அவ பேப்பர்ல ஒரு திமிங்கலம் வரைஞ்சிருக்கா. வயிறு ஒரு பக்கம் சாஞ்சிருக்கும், வால் ரெண்டு பக்கமும் ரெண்டு அளவு, தலை மேல தண்ணி பீய்ச்சுற மாதிரி ஏழெட்டுக் கோடு, ஒரு கோட்டு நுனியில குட்டியா ஒரு மீன். அந்தப் படத்தை அப்படியே அவளோட பிறந்தநாள் கேக் மேல கொண்டுவரணும்னு ஆசையா இருக்கு. பிரிண்ட் போட்டு ஒட்ட மனசு வரல, கையாலேயே வரையணும்.

ஒத்திகையா ஃபாண்டன்ட்டை (கேக் மேல போர்த்துற சர்க்கரை மாவு) தேய்ச்சு வட்டமா வெட்டி, உடனே கறுப்பு எடிபிள் பேனாவால (சாப்பிடக்கூடிய மை இருக்கிற பேனா) வரைஞ்சு பார்த்தேன். பேனா பாதியில எழுதாம நிக்குது, முனையில வெள்ளையா ஏதோ அப்பிக்குது. எப்படியோ முடிச்சு, பட்டர்க்ரீம் தடவின கேக் மேல வெச்சு ராத்திரி ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சேன். காலைல வெளிய எடுத்ததும் முத்து முத்தா வேர்த்துப்போச்சு. கறுப்புக் கோட்டு ஓரமெல்லாம் நீலமும் ஊதாவுமா பரவி, மீன் இருந்த இடத்துல ஒரு திட்டுதான் மிச்சம். பேனா சரியில்லையா, இல்ல நான் செய்யுற முறை சரியில்லையா? விழாவுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு.

பதில்: மாவுக்கை

பேனா மேல பழி போடாதீங்க, இது முழுக்க ஈரம் பண்ற வேலை. ஃபாண்டன்ட்னா பெரும்பாலும் சர்க்கரைதான். ஃப்ரிட்ஜுல குளிர்ந்து வெளிய வந்ததும் காத்துல இருக்கிற ஈரம் அது மேல படியும், அந்த ஈரத்துல சர்க்கரை கரையும். எடிபிள் பேனா மையும் தண்ணியில கரையுற ரகம், அதனால கூடவே ஓடும். கறுப்பு மை பெரும்பாலும் பல நிறம் கலந்துதான் வருது. ஈரம் பட்டா அது பிரிஞ்சு ஓரத்துல நீலமும் ஊதாவும் தெரியும்.

அதனால படத்தைக் கேக்கோட சேர்த்து ஃப்ரிட்ஜுல வைக்கவே வேண்டாம். தனித் தகடா செஞ்சு காய வைங்க. 250 கிராம் ஃபாண்டன்ட்டுக்கு ஒரு டீஸ்பூன் டைலோஸ் அல்லது சி.எம்.சி. பவுடர் (ஃபாண்டன்ட்டை இறுக வைக்கிற பொடி) சேர்த்துப் பிசைஞ்சு, 3 மி.மீ. கனத்துக்குத் தேய்ச்சு வெட்டுங்க. பட்டர் பேப்பர் விரிச்ச பலகை மேல வெச்சு, குறைஞ்சது ஒரு நாள் வெளியிலேயே விடுங்க. பாதியில ஒரு தடவை திருப்பிப் போட்டாத்தான் அடிப்பக்கமும் காயும், விளிம்பும் மேல தூக்காது. ஈரக்காத்து அடிக்கிற நாள்னா ரெண்டு மூணு நாள்கூட ஆகும். விரல் நகத்தால லேசா தட்டினா டொக்குனு சத்தம் வரணும். அதுக்கு முன்னாடி பேனாவைத் தொடாதீங்க.

முனையில அப்புறது கான்ஃப்ளோர் இல்லன்னா ஐசிங் சுகரா இருக்கும். தேய்க்கும்போது தூவுறோமே, அதுதான். காய்ஞ்ச தகட்டை மெத்துனு இருக்கிற புது பிரஷ்ஷால நல்லா துடைச்சிட்டு வரைங்க. மாவு ஒட்டாம இருக்க வனஸ்பதி தடவி தேய்ச்சிருந்தாலும் மை பிடிக்காது. கை எண்ணெய் பட்ட இடத்துலயும் அப்படித்தான், அதனால தகட்டை ஓரம் பிடிச்சே எடுங்க. பேனாவைக் குத்தி அழுத்தாம சாய்ச்சுப் பிடிச்சு இழுத்தா முனை அடைக்காது. அடைச்சா டிஷ்யூவுல ரெண்டு இழுப்பு இழுத்தாப் போதும்.

பதில்: வெண்ணெய்க் கரண்டி

இவ்வளவு காய வைக்க நேரம் இல்லாதவங்களுக்கு ஐசிங் ஷீட் (சாப்பிடக்கூடிய மெல்லிய சர்க்கரைத் தாள்) சுலபம். பிளாஸ்டிக் தாள் மேல ஒட்டியே வரும். அதுல பேனாவால வரைஞ்சு, கொஞ்சம் ஆற விட்டு, பின்தாளை உரிச்சு நேரா பட்டர்க்ரீம் மேல போட்டா நல்லாப் படிஞ்சுக்கும். பாக்கெட்டைப் பிரிச்சதும் மிச்சத்தைக் காத்துப் போகாம மூடி வைங்க, இல்லன்னா நொறுங்கிடும். வேஃபர் பேப்பர்லயும் வரையலாம்.

பதில்: மாவுக்கை

ஐசிங் ஷீட் சரி. வேஃபர் பேப்பரை மட்டும் நான் இந்த வேலைக்குச் சொல்ல மாட்டேன். அது மாவுச்சத்துத் தாள், ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலே சுருங்கிக் கரையும். கீழ இருக்கிற க்ரீம் ஈரத்துக்கே சில சமயம் அலை அலையா எழும்பும். பூ இதழ் செய்ய அருமையான பொருள், படம் தட்டையா நிக்கணும்னா எனக்கு அதுல நம்பிக்கை இல்ல.

கேள்வி: கடலலை

ரொம்ப நன்றி, தகடு ரெண்டு செஞ்சு காயப் போட்டுட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம். குழந்தையோட கோட்டை எப்படி அளவு மாறாம தகட்டுக்கு மாத்துறது? அப்புறம் திமிங்கலத்துக்குள்ள நீலம் தீட்டணும், பேனாவால பெரிய இடத்தை நிரப்பினா கோடு கோடாத் தெரியுது.

பதில்: தூரிகை

அவ படத்து மேல பட்டர் பேப்பரை வெச்சு எடிபிள் பேனாவாலேயே நகல் எடுங்க. பென்சிலோ சாதா பேனாவோ கேக் பக்கமே வர வேண்டாம். அப்புறம் மை இல்லாத பக்கம் தகட்டைத் தொடுற மாதிரி வெச்சு, மழுங்கின டூத்பிக்கால கோட்டு மேலயே லேசா அழுத்திப் போங்க. தகடு முழுசா இறுகினதுக்கு அப்புறம் தடம் விழாது. வெட்டி ஒரு மணி நேரம் போல ஆனதும், மேல் தோல் கட்டி உள்ளே இளக்கமா இருக்கும்போது செய்யணும். குண்டூசியால குத்தி எடுக்கச் சொல்றவங்க உண்டு. குழந்தைங்க சாப்பிடுற பண்டம், ஊசி வேண்டவே வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்: கோட்டை நேராக்கிடாதீங்க. அந்தச் சாஞ்ச வயிறும் சமமில்லாத வாலும் இருந்தாத்தான் அது அவ வரைஞ்ச திமிங்கலம். பெரியவங்க கை பட்டு அழகாகிட்டா வேற யாரோ வரைஞ்ச படமாயிடும்.

நிறம் தீட்ட ஜெல் கலரைத் தண்ணியில கரைக்காதீங்க, தண்ணி தகட்டைக் கரைச்சுக் குழியாக்கும். லெமன் எக்ஸ்ட்ராக்ட்ல ரெண்டு மூணு சொட்டு விட்டுக் கரைங்க. எலுமிச்சைச் சாறு இல்ல, எசன்ஸ் மாதிரி பாட்டில்ல வர்றது. அதுல இருக்கிற ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகுறதால தகடு ஊறாது. பிரஷ்ஷைத் தொட்டு, டிஷ்யூவுல ஒத்தி எடுத்து, ஒரே திசையில ஒரு பூச்சு. அது காய்ஞ்சதும் இன்னொரு பூச்சு. ஈரம் இருக்கும்போதே திரும்பத் தேய்ச்சா கீழ் நிறமும் பெயர்ந்து வரும். ஜெல்லைக் கெட்டியா அப்பிட்டா கிளிசரின் இருக்கிற ரகம் நாள் கணக்கா பிசுபிசுன்னே இருக்கும். நிறத்தை முதல்ல முடிச்சிட்டு, நல்லாக் காய்ஞ்சதும் கறுப்புக் கோட்டைக் கடைசியாப் போடுங்க.

ஆல்கஹாலே வேண்டாம்னா கோகோ பட்டர். உருக்கி, எண்ணெயில கரையுற பவுடர் கலரைச் சேர்த்துத் தீட்டலாம். உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வந்தாலே அது உருகிடும், அதனால கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணி மேல வெச்சுக்கிட்டா போதும். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள விழாமப் பார்த்துக்குங்க. கோகோ பட்டர் பட்ட இடத்துல பேனா எழுதாது. அதனால இந்த வழியில போனா கோட்டையும் கோகோ பட்டர்ல கறுப்பு கலந்து மெல்லிய பிரஷ்ஷாலதான் இழுக்கணும்.

கேள்வி: கடலலை

தண்ணி பீய்ச்சுற கோட்டுக்கு வெள்ளி மினுமினுப்பு வேணும்னு அவளே கேட்டா. வீட்ல ஒரு டப்பா இருக்கு, "நான் டாக்ஸிக்" (நச்சு இல்லாதது)னு போட்டிருக்கு. போடலாமா?

பதில்: மாவுக்கை

போடாதீங்க. "நான் டாக்ஸிக்" வேற, "எடிபிள்" வேற. சாப்பிடுற பொருள்னா டப்பாவுல எடிபிள்னு தெளிவா இருக்கணும், உள்ளே என்னென்ன இருக்குன்னு பட்டியலும் இருக்கணும். 2018ல அமெரிக்காவுல ரோட் ஐலண்ட் மாநிலத்துல ஒரு பிறந்தநாள் கேக் சாப்பிட்ட குழந்தைங்களுக்கு வாந்தி எடுத்துச்சு. கேக் மேல பூசின மினுக்குப் பொடியில தாமிரம் அதிகமா இருந்ததுன்னு அங்க சுகாதாரத் துறை கண்டுபிடிச்சுது. அலங்காரத்துக்கு மட்டும் செஞ்ச பொடியைச் சாப்பாட்டுல தூவக் கூடாதுன்னு அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகமும் எச்சரிச்சிருக்கு. எடிபிள்னு போட்ட வெள்ளிப் பொடி கிடைச்சா லெமன் எக்ஸ்ட்ராக்ட்ல குழைச்சு மெல்லிய பிரஷ்ஷால இழுங்க. கிடைக்கலன்னா வெளிர் நீலக் கோட்டோட விட்டுடுங்க.

கேள்வி: கடலலை

டப்பாவைத் தூக்கி அலமாரி உச்சியில வெச்சாச்சு, வெளிர் நீலமே போதும்னு அவளும் ஒத்துக்கிட்டா. தகடு ஒண்ணு தயார். கோடு ஊசி மாதிரி மெல்லிசா நிக்குது, மீனுக்குக் கண்கூட வெச்சுட்டேன்! இதைக் கேக் மேல எப்போ வைக்கணும்?

பதில்: தூரிகை

படிக்கவே சந்தோஷமா இருக்கு! கேக்கை மட்டும் முன்னாடியே ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்து, குளிர் போய் மேல் ஈரம் காயட்டும். வெட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தகட்டை மேல வைங்க. தகட்டோட அடிப்பக்கம் உருக்கின வெள்ளை சாக்லேட்டை மெல்லிசா தடவி ஆற விட்டுட்டா க்ரீம் ஈரம் மேல ஏறாது. அட்டைப்பெட்டியில வைங்க, காத்துப் புகாத டப்பாவுல அடைச்சா அது மறுபடி இளகும். இன்னொரு தகட்டையும் வரைஞ்சு வெச்சுக்குங்க, தூக்கும்போது உடைய வாய்ப்பு உண்டு.

வெட்டும்போது கேக்கோட சேர்த்துக் கத்தி போட வேண்டாம், தகடு சில்லு சில்லா உடைஞ்சு க்ரீமுக்குள்ள போயிடும். முதல்ல தட்டையான கரண்டியால தூக்கித் தனியா வெச்சிட்டு அப்புறம் வெட்டுங்க. அவளுக்கு அதை எடுத்து வைக்க ஆசைன்னா, அடியில ஒட்டின க்ரீமைத் துடைச்சு, வெயில் படாத இடத்துல வைங்க. வெயில் பட்டா நிறம் வெளுக்கும், எறும்பு வராமலும் பார்த்துக்கணும்.