ஆர்32 ஜிடி-ஆர்: சனிக்கிழமை மறுபடி பார்க்கப் போறேன், எங்கெல்லாம் கை வைக்கணும்?

நாலாம்கியர்:
வணக்கம். ரொம்ப வருஷமா தேடி, கடைசியில ஒரு 1991 நிஸான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர் கண்ணுல பட்டிருக்கு. போன வாரம் போய்ப் பார்த்தேன். பத்தே நிமிஷத்துல மனசு விழுந்துடுச்சு. அதனாலதான் பயமா இருக்கு, இங்க கேக்குறேன்.

பெயின்ட் கண்ணாடி மாதிரி. மீட்டர்ல 86,000 கி.மீ. முதல் செல்ஃப்லயே ஸ்டார்ட் ஆச்சு. ஒரு ரவுண்டு ஓட்டினேன், புகை இல்ல, பிக்கப் சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது. ஆனா திரும்பி வந்து ஐடிலிங்ல விட்டப்ப ஆயில் பிரஷர் முள்ளு கிட்டத்தட்ட அடியிலயே படுத்துடுச்சு. ஆக்சிலரேட்டர் கொடுத்தா ஏறுது. "இந்த வண்டிக்கெல்லாம் அப்படித்தான் சார்"ங்கறார் விக்கிறவர். இந்த வண்டியோட ஆர்பி26 இன்ஜின்ல ஆயில் பம்ப் வீக்னு வேற படிச்சிருக்கேன். இன்ஜின் கதை முடிஞ்சுதா?

இன்னொண்ணு: ஹைகாஸ் (பின் சக்கரத்தையும் திருப்பற சிஸ்டம்) விளக்கு ஒருதரம் எரிஞ்சு அணைஞ்சது. ஜப்பான் ஏலத் தாளோட (ஏலத்துல வண்டியைப் பரிசோதிச்சு எழுதற தாள்) நகல் கையில கொடுத்தார், ஒரு எழுத்தும் புரியல. சனிக்கிழமை ரெண்டு மணி நேரம், ராம்ப் வசதியோட தரேன்னு சொல்லியிருக்கார். என்ன பார்க்கட்டும்?

எட்டாயிரம்ஆர்பிஎம்:
பதறாதீங்க. அந்த முள்ளை நம்பி எந்த முடிவுக்கும் வராதீங்க. ஆர்32-ல பிரஷர் சென்சார் வயசாகிப் பொய் சொல்றது சகஜம். சென்சாரைக் கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்க. ஆயில் நல்லா சூடான பிறகு ஐடிலிங்ல 1 பாருக்கு மேல நின்னு, 4000-க்குக் கொண்டுபோனா 4 பார் கிட்ட வந்துச்சுன்னா பம்ப் பக்கம் கவலை இல்ல. அங்கயும் முள்ளு படுத்தா பேரிங் தேய்ஞ்சிருக்கு, இல்லன்னா பம்ப்.

பம்ப் விஷயம் உண்மைதான், ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. அது மெல்ல மெல்ல பிரஷர் குறைஞ்சு சாகற சாமான் கிடையாது. ஆர்32 கிராங்க் ஷாஃப்ட்ல பம்ப் கியரைப் பிடிச்சுச் சுத்துற தட்டையான பாகம் ரொம்பக் குட்டை. ரெவ் லிமிட்டர்ல முட்ட முட்ட ரேஸ் பண்ணினா கியர்ல அடி விழுந்து விழுந்து ஒருநாள் உடையும். அன்னிக்கு வரைக்கும் பிரஷர் ஜோரா இருக்கும். ஆர்33-ல அந்தப் பாகத்தை அகலமாக்கினாங்க. அதனால நீங்க கேக்க வேண்டிய கேள்வி இன்ஜினை எப்பவாவது இறக்கினாங்களா, கிராங்க்ல காலர் (அந்தக் குட்டைப் பாகத்தை நீளமாக்கற வளையம்) போட்டாங்களா, பில் இருக்கா.

அப்புறம் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்குதுன்னு அளக்கறது. இன்ஜின் சூடா இருக்கணும், ஆறு பிளக்கும் கழட்டணும், பெட்ரோலும் இக்னிஷனும் கட் பண்ணணும், ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சுப் பிடிக்கணும். இந்த இன்ஜினுக்கு ஆறு த்ராட்டில், அதனால கடைசி வேலையை மறந்தா ரீடிங் எல்லாம் குப்பை. எண் எவ்வளவுங்கறதை விட ஆறுக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம்னு பாருங்க. பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆறாவது சிலிண்டரை, அதாவது கேபினை ஒட்டினதை, ரெண்டு தடவை எடுங்க.

முடிஞ்சா ஆயில் ஃபில்டரைக் கழட்டி வெட்டிப் பாருங்க. மடிப்பை விரிச்சு வெயில்ல பிடிக்கும்போது ஜிகினா மாதிரி மினுக்கினா பேரிங். புது ஃபில்டர் ஒண்ணு கையோட எடுத்துட்டுப் போனா ஓனரும் கோவிக்க மாட்டார்.

ஒரு சந்தேகம்: முதல் நாள் நீங்க போனப்ப இன்ஜின் சூடா இருந்துச்சா, சில்லுனு இருந்துச்சா?

நாலாம்கியர்:
அட, அதைக் கவனிக்கவே இல்லையே அண்ணா. கையெல்லாம் வைக்கல.

எட்டாயிரம்ஆர்பிஎம்:
சனிக்கிழமை வணக்கம் சொல்றதுக்கு முன்னாடி பானெட்ல கையை வைங்க. சூடா இருந்தா ஒரு டீ குடிச்சுட்டு, இன்னொரு நாள் வரேன்னு கிளம்பிடுங்க. கோல்ட் ஸ்டார்ட் பார்க்காம இந்த இன்ஜினை வாங்கக் கூடாது. வால்வு சீல் போயிருந்தா ராத்திரி முழுக்க நின்ன வண்டி ஸ்டார்ட் ஆகற அந்த முதல் அஞ்சு செகண்ட்லதான் நீலப் புகை வரும். அப்புறம் ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கும்.

பழையஇரும்பு:
தம்பி, எல்லாரும் இன்ஜின் இன்ஜின்னு பேசறீங்க. இன்ஜினைச் செஞ்சுக்கலாம். உதிரி பாகங்களும் 2017 கடைசியில இருந்து நிஸானோட ரேஸ் பிரிவு நிஸ்மோவே ஆர்32-க்கு மறுபடி போட்டுத் தர ஆரம்பிச்சாங்க. பாடி போனா அந்த வண்டி போச்சு. "பெயின்ட் கண்ணாடி மாதிரி"ன்னு நீ எழுதின பார், அந்த இடத்துலதான் எனக்கு உதறுது. முப்பது வருஷத்து வண்டி ஏன் கண்ணாடி மாதிரி இருக்கணும்?

நான் டிங்கரிங் வேலையிலயே தலை நரைச்சவன். ஒரு சின்ன காந்தம் எடு, வழுவழுப்பான துணி சுத்து. ஜிடி-ஆருக்கு பானெட்டும் முன் ஃபெண்டர் ரெண்டும் அலுமினியம். அங்க காந்தம் ஒட்டவே கூடாது, ஒட்டினா அது வேற வண்டியோட தகரம். அப்படியே நடந்து பின்பக்கம் வா, பின் சக்கரத்துக்கு மேல வளைவு இருக்கு பார், அது இரும்பு. அங்க பச்சக்குனு ஒட்டணும். வழுக்கிக் கீழ விழுந்தா உள்ள பட்டி அடைச்சிருக்கான். முன்னாடி ஒட்டினா தப்பு, பின்னாடி ஒட்டாட்டி தப்பு. குழப்பிக்காதே.

பானெட்டைத் திற. ஃபெண்டரைப் பிடிச்சிருக்கற போல்ட் தலைகளை உத்துப் பார். ஸ்பேனர் பட்ட போல்ட்டுக்கு மூலையில பெயின்ட் உரிஞ்சிருக்கும். அப்புறம் ரெண்டு பக்க ஸ்ட்ரட் டவரையும் (சஸ்பென்ஷனோட மேல்முனையைப் பிடிச்சிருக்கற மேடு) மாத்தி மாத்திப் பார். இந்த வண்டிக்குத் துரு பிடிக்கற முதல் இடம் அதுதான். தகடு தகடோட சேர்ற இடத்துல சீலர் ஓடும். ஃபேக்டரி சீலர் ஒரு மாதிரி சொரசொரப்பா, கவலையில்லாம போட்டிருப்பான். விரலால தடவி அழகா வழிச்சிருந்தா அது எங்க ஆளுங்க கைவேலை. அழகா இருக்கற பக்கத்தைச் சந்தேகப்படு.

ராம்ப்ல ஏத்தினதும் ஜாக்கி வைக்கற இடத்துல இருந்து ஆரம்பி. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடிச்சு பிடியால தட்டிக்கிட்டே போ. நல்ல தகடு டிங்குனு சொல்லும். சொத்தை தகடு தொப்புனு சொல்லும். கறுப்புப் பூச்சு புதுசா பளபளன்னு இருந்தா எதுக்கு அடிச்சான்னு கேளு. டிக்கி மேட்டைத் தூக்கு. பேட்டரி அங்கதான் இருக்கு, ஆசிட் கசிஞ்சா தரை தின்னுடும்.

மூன்றாம்விதி:
நான் ஒரு ஜிடி-ஆர்னு நினைச்சு வாங்கினது ஜிடிஎஸ்-டி, அதே ஸ்கைலைனோட கீழ் மாடல். பேட்ஜ், விங், பம்பர் எல்லாம் மாட்டி வித்துட்டாங்க. விக்கிறவர் ரொம்ப நல்ல மனுஷனா பேசினார், ஃபயர்வாலைப் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) பார்க்கணும்னே தோணல. அங்க சேசிஸ் நம்பர் குத்தியிருக்கும். பிஎன்ஆர்32-ன்னு ஆரம்பிக்கணும். என்னோடது எச்சிஆர்32. நாலு மாசம் கழிச்சு ஒரு மெக்கானிக் சிரிச்சுக்கிட்டே சொன்னப்பதான் தெரிஞ்சது. இப்பவும் அதையேதான் ஓட்டறேன், வேற வழி.

ஜிடி-ஆரோட சிறப்பு மாடல் வி-ஸ்பெக்னு சொன்னாலும் இதே கதைதான். அது 1993-லதான் வந்துச்சு, ப்ரெம்போ பிரேக்கும் 17 அங்குல வீலும் எந்த வண்டியிலயும் மாட்டலாம்.

கஞ்சிராத்தாளம்:
ஏலத் தாளைப் போட்டோ எடுத்துப் போடுங்க ஜி. ஜப்பானிய மொழி கொஞ்சம் படிப்பேன்.

நாலாம்கியர்:
போட்டிருக்கேன். சேசிஸ் நம்பரை மறைச்சுட்டேன். ஃபயர்வால் போட்டோ எங்கிட்ட இருந்துச்சு, பெருசாக்கிப் பார்த்தேன், பிஎன்ஆர்32-தான். தாள்லயும் அதே நம்பர். அப்பாடா.

கஞ்சிராத்தாளம்:
பார்த்தேன். முதல்ல, மேல் வலது மூலையில கிரேடு இருக்கற கட்டம் நகல்ல விழவே இல்ல. தற்செயலா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மூலத் தாளைக் கேளுங்க. அதுல ஆர் அல்லது ஆர்ஏ-ன்னு இருந்தா விபத்துக்குப் பிறகு பழுது பார்த்த வண்டின்னு அர்த்தம்.

வண்டிப் படத்துல வலது முன் ஃபெண்டர் மேல எக்ஸ்எக்ஸ், அதாவது பேனல் மாத்தியாச்சு. வலது பின் வளைவுல டபிள்யூ, டிங்கரிங் பண்ணின அலை தெரியுது. மத்த ஏ எல்லாம் கீறல், யு எல்லாம் சின்னக் குழி, அதை விடுங்க. கீழ இன்ஸ்பெக்டர் கையெழுத்துல ஒரு வரி: மீட்டர் மாற்றப்பட்டது. உங்க வேக மீட்டர்ல கடைசி எண் என்ன?

நாலாம்கியர்:
260.

கஞ்சிராத்தாளம்:
ஃபேக்டரி மீட்டர் 180 வரைக்கும்தான். அப்ப 86,000-ங்கறது அந்த மீட்டர் ஓடினது. வண்டி எவ்வளவு ஓடிச்சுன்னு யாருக்கும் தெரியாது. பழைய மீட்டரை வச்சிருக்காரான்னு கேளுங்க, சில பேர் பத்திரமா வச்சிருப்பாங்க. டைமிங் பெல்ட்டுக்கு 1,00,000 கி.மீ. கணக்கு. அதையும் இந்த மீட்டரை வச்சு நம்பாதீங்க, மாத்தின பில் இல்லன்னா மாத்தலன்னே வச்சுக்குங்க. பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும்.

சும்மாஇருசொல்லற:
இப்படியே நோண்டினா ஒருத்தரும் ஒரு வண்டியும் வாங்க முடியாது. மாத்தாத, அடிபடாத, துருவில்லாத ஆர்32 எங்க இருக்கு சொல்லுங்க? எல்லாத்தையும் மாத்திட்டு கட்டுக்கட்டா பில் வச்சிருக்கறவன்கிட்ட வாங்கறது, "ஒண்ணும் மாத்தலை"ன்னு சத்தியம் பண்றவன்கிட்ட வாங்கறதை விட மேல். டர்போ உதாரணத்துக்கு: ஒரிஜினல் டர்போல எக்ஸாஸ்ட் வீல் செராமிக். பூஸ்ட்டை (டர்போ தர்ற காத்தழுத்தம்) 1 பாருக்கு மேல ஏத்தினா உடைஞ்சு சிதறும். இரும்பு வீல் டர்போ போட்டு, பில்லும் இருந்தா எனக்கு அதுதான் வேணும்.

எட்டாயிரம்ஆர்பிஎம்:
இதுல பாதி ஒத்துக்கறேன். பில் இருக்கற மாற்றம் நல்லது. ஆனா செராமிக் டர்போவை வச்சுக்கிட்டே பூஸ்ட் மட்டும் ஏத்தி வச்சிருக்காங்களான்னு பாருங்க, அதுதான் ஆபத்தான ஜாதி. டெஸ்ட் டிரைவ்ல பூஸ்ட் முள்ளு மேல கண்ணு வைங்க.

நாலாம்கியர், ஹைகாஸ் விளக்குக்கு ரொம்ப மண்டையை உடைக்காதீங்க. பாதிப் பேர் அதைக் கழட்டிட்டு பின் சக்கரம் திரும்பாம பூட்டற லாக் பார் போட்டுடறாங்க. ராம்ப்ல பின் சக்கரத்தை 3 மணி, 9 மணி இடத்துல பிடிச்சு ஆட்டுங்க, லொடலொடன்னா பால் ஜாயின்ட். அதைவிட 4டபிள்யூடி (நாலு சக்கர டிரைவ்) விளக்கு முக்கியம். நாலு டயரும் ஒரே சைஸ், ஒரே தேய்மானமான்னு பாருங்க. முன்னும் பின்னும் விட்டம் மாறினா முன் சக்கரத்துக்குப் பவரைப் பிரிச்சு அனுப்பற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்ச் ஓயாம வேலை செஞ்சு தேயும். காலி இடத்துல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா வட்டம் போடுங்க. முன் சக்கரம் திக்கித் திக்கி இழுத்தா நல்லதில்ல. கியர் ஆயில் சூடாகறதுக்கு முன்னாடியே ரெண்டு, மூணு கியர் போட்டுப் பாருங்க, கர்ருனு கடிக்கக் கூடாது.

நாலாம்கியர்:
போயிட்டு வந்துட்டேன். எழுதறதுக்கு ஒருநாள் ஆயிடுச்சு.

பானெட்ல கை வச்சேன், சில்லுனு இருந்துச்சு. கோல்ட் ஸ்டார்ட்ல புகை இல்ல. மெக்கானிக்கல் கேஜ்ல சூடான ஐடிலிங் 1.8 பார், 4000-ல 4.5. கம்ப்ரஷன் 155, 153, 157, 152, 154, 150. ஆறாவதை ரெண்டு தரம் எடுத்தோம், அதேதான். ஃபில்டர் சுத்தம். என்னோட வந்த மெக்கானிக் "இந்த இன்ஜினை நான் வாங்கிக்கறேன்"னு சொல்லிட்டார்.

நான் ராத்திரி தூங்காம பயந்தது இன்ஜினுக்கு. காந்தம் முன் ஃபெண்டர்ல ஒட்டல, சரி. வலது பின் வளைவுல வச்சேன், கையை எடுத்ததும் வழுக்கித் தரையில விழுந்துச்சு. அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டுச்சு, எனக்கும் கேட்டுச்சு, ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. வலது ஸ்ட்ரட் டவர் சீலர் வெண்ணெய் தடவின மாதிரி, இடது பக்கம் சொரசொரன்னு. ராம்ப்ல ஏத்தினா வலது முன் சேசிஸ் ரெயில்ல, ரேடியேட்டர் தாண்டி ஒரு சாண் பின்னால, தகடு துணி மடிஞ்ச மாதிரி ரெண்டு சுருக்கம். மேல புதுக் கறுப்பு. ஜாக்கி இடத்துல தட்டினேன். டிங், டிங், தொப். பழைய மீட்டர் இல்லைன்னுட்டார். ஏலத் தாளோட மூலமும் "தேடிப் பார்க்கறேன்".

விலையைக் குறைச்சுத் தரேங்கறார், நல்லாவே குறைக்கறார். பழையஇரும்பு அண்ணா, ரெயிலை நேர் பண்ண முடியாதா?

பழையஇரும்பு:
நேர் பண்ணலாம் தம்பி. வண்டியை ஜிக்ல (பாடியை அளந்து நேராக்கற சட்டம்) ஏத்தி, முதல்ல அளவு எடுக்கணும், ஸ்ட்ரட் டவர் ரெண்டும் இருக்க வேண்டிய இடத்துல இருக்கான்னு. மில்லிமீட்டர் கணக்குல தள்ளியிருந்தா அலைன்மென்ட் எத்தனை தடவை பண்ணினாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டவர் நகரலைன்னா ரெயிலை வெட்டி மாத்திக்கலாம். ஆனா அந்தத் துரு எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பூச்சைச் சுரண்டினாத்தான் தெரியும், அவர் சுரண்ட விடுவாரா? ஜிக் அளவு எடுக்கறதுக்கு அவர் சம்மதிச்சா மேல பேசு. சம்மதிக்கலைன்னா அவருக்குப் பதில் தெரியும்னு அர்த்தம்.

நாலாம்கியர்:
கேட்டேன். "இதுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல, இன்னொருத்தர் வரார்"னு சொன்னார். சரிங்கன்னு வச்சுட்டேன். மனசு கேக்கல, ஆனா வச்சுட்டேன்.

சும்மாஇருசொல்லற:
அந்த இன்ஜினை மட்டும் தருவாரான்னு கேட்டீங்களா?

நாலாம்கியர்:
மெக்கானிக் கேட்டார். முறைச்சார்.

ஒத்தசீட்:
நான் ஒரு ஆர்33 ஜிடி-ஆர் பார்த்துட்டு இருக்கேன். அதுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பழையஇரும்பு:
ஸ்ட்ரட் டவர் துரு அதுலயும் உண்டு. சேசிஸ் நம்பர் பிசிஎன்ஆர்33-ன்னு ஆரம்பிக்கணும். மீதிக்குத் தனி இழை போடுப்பா, போட்டோவோட.