இணையத்தில் வேலை தேடும் தளங்களில் உங்களுக்கு நடந்த, இன்னும் மறக்காத ஒன்று?

பேரேடு
ரெஸ்யூமை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஓர் அழைப்பும் இல்லை. அப்புறம் ஒருநாள் எச்ஆர் அம்மா ஒருவர் கூப்பிட்டார். எடுத்ததும், "வணக்கம், தொடர்புக்கு பேசுறீங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "உங்க பேரு 'தொடர்புக்கு'ன்னுதானே இருக்கு?" என்று மறுபடி கேட்டார். பக்கத்தை இடம், வலம் என இரண்டு பத்தியாகப் பிரித்த டெம்ப்ளேட். இடது ஓரத்துத் தலைப்பையே என் பெயர் என்று தளத்தின் மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. என் பணி அனுபவம் முழுக்கப் பொழுதுபோக்குக்குக் கீழே கிடந்ததாம். அவர் கொஞ்சமும் சிரிக்காமல் வாசித்துக் காட்டினார். ஒற்றைப் பத்தியாக மாற்றிய பிறகு அழைப்புகள் வந்தன.

இரவு ஷிப்ட்
பேரேடு, அழைப்பு வந்ததற்கு டெம்ப்ளேட்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? புதிதாக ஏற்றினாலே ப்ரொஃபைல் மேலே வந்துவிடும். ஆள் தேடுகிறவர்கள் அண்மையில் புதுப்பித்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்ப்பது வழக்கம்தானே.

என் கதை சின்னது. நடுராத்திரி ஜாப் அலர்ட் வந்தது, ஷிப்ட் இடைவேளையிலேயே விண்ணப்பித்துவிட்டேன். நேர்காணலில் அந்த மேலாளர் சொன்னார்: "காலைல திறந்தப்ப உங்களோடது மேல இருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள குவிஞ்சிடுச்சு. நான் முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை." வேலை கிடைத்தது. மூன்றாம் பக்கத்தில் என்னைவிடத் தகுதியான யாரோ இருந்திருப்பார் என்று அவ்வப்போது தோன்றும்.

சத்தமில்லாமல்
வேலையில் இருந்துகொண்டே தேடினேன். லிங்க்ட்இன்னில் 'வேலைக்குத் தயார்' என்பதை ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்திருந்தேன். மறுவாரம் லிஃப்டில் மேலாளரும் நானும் மட்டும். கதவு மூடியதும், "ப்ரொஃபைல் போட்டோ நல்லா இருக்கே, புதுசா?" என்றார். நான்கு மாடி. நான் பொத்தான்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெரிந்து கேட்டாரா, சும்மா கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

இடைவெளி
குழந்தைகளுக்காக வேலையை விட்டுவிட்டுத் திரும்பவும் தேடத் தொடங்கியபோது நடந்தது. ஒரு தளத்தில் 'தற்போதைய நிறுவனம்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே முடியவில்லை. 'இல்லை' என்று தட்டினேன். சில நாளில் ஒரு மின்னஞ்சல்: "இல்லை நிறுவனத்தில் நீங்கள் ஆற்றிவரும் பணி எங்களை மிகவும் கவர்ந்தது." வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். சிரித்தோம். ஆனால் என்னை யாருமே படிக்கவில்லை என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

மூத்தவன்
நான் விண்ணப்பித்த வேலை ஒன்றுக்கு எப்போதோ ஆள் எடுத்துவிட்டார்கள், விளம்பரம் மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

மான்ஸ்டர் என்ற வேலை தேடும் தளம் 1994இல் தொடங்கிய காலத்திலிருந்தே பலருக்கும் இந்தத் தளங்கள் என்றால் இணையத்தில் போட்ட செய்தித்தாள் விளம்பரம் என்றுதான் நினைப்பு. இல்லை. நீங்கள் வேலையைத் தேடுவது ஒரு பாதி, உங்களை அவர்கள் தேடுவது மறு பாதி. அவர்கள் சொற்களைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். விளம்பரத்தில் 'ஜிஎஸ்டி ரிட்டர்ன்' என்று இருந்தால், அதை உண்மையிலேயே செய்திருக்கும் பட்சத்தில், அதே சொல்லைப் போடுங்கள். 'வரி தொடர்பான பணிகள்' என்று எழுதினால் தேடலில் சிக்காமல் போகலாம். ரெஸ்யூமை ஸ்கேன் செய்து படமாக ஏற்றாதீர்கள், பல மென்பொருள்கள் அதைப் படிக்காது. 2004இல் வந்த இன்டீட் மாதிரியான தளங்கள் பிற இடங்களில் வெளியான விளம்பரங்களையும் திரட்டிக் காட்டுபவை. அதனால் விண்ணப்பிக்கும் முன் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அந்த வேலை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே விண்ணப்பியுங்கள்.

சத்தமில்லாமல், அந்த 'வேலைக்குத் தயார்' அமைப்பு முழு மறைவு அல்ல. உங்கள் நிறுவனத்தின் ஆள் எடுப்பவர்களுக்குக் காட்டாமலிருக்க முயல்வோம், முழு உத்தரவாதம் தர முடியாது என்று லிங்க்ட்இன்னே எழுதி வைத்திருக்கிறது. இடைவெளி, அங்கே 2022 முதல் பணி இடைவெளியை அப்படியே பதிவிடத் தனிப் பகுதி இருக்கிறது. கண்டதையும் தட்ட வேண்டாம். அப்புறம், பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று யார் பணம் கேட்டாலும்...

சத்தமில்லாமல்
மூத்தவரே, நான் ஆலோசனை கேட்கவில்லை. லிஃப்டைப் பற்றித்தான் சொன்னேன்.

பேரேடு
அவர் பணம் விஷயத்தில் சொல்வது சரிதான். என் தம்பிக்கு வந்த பணி ஆணையில் லோகோ, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. சம்பளம் எண்ணில் ஒன்று, எழுத்தில் ஒன்று. மடிக்கணினிக்கு முன்பணம் கட்டச் சொன்னார்கள். அனுப்பிய முகவரியில் நிறுவனத்தின் பெயருக்கு நடுவே ஓர் எழுத்து கூடுதல். அவன் கட்டவில்லை, ஆனால் அந்தக் கடிதத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறான்.

இடைவெளி
மூத்தவரே, அந்தப் பகுதியிலும் போட்டுவிட்டேன். நேர்காணலில் அதைப் பற்றி யாரும் நோண்டவில்லை, வேலையும் கிடைத்துவிட்டது. பழைய தளத்தில்தான் மாற்றவே இல்லை. போன வாரம் ஒருவர் எழுதியிருக்கிறார், 'இல்லை'யில் காலியிடம் ஏதாவது இருக்கிறதா என்று.