மறு: ஹேண்ட் ஹைஜீன்: கைச்சுத்தமா, கைத்தூய்மையா? (கூடவே கையுறை)

அன்புள்ள நண்பர்களுக்கு,

மருத்துவமனைக்கான நம் கலைச்சொல் பட்டியலில் ‘ஹேண்ட் ஹைஜீன்’ (நோய் பரவாமலிருக்கக் கையைத் தூய்மைப்படுத்துவது) என்பதற்கு ‘கைத்தூய்மை’ எதற்கு என்று வந்த கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

> ‘கைச்சுத்தம்’ போதுமே, எல்லாருக்கும் புரியும். புதிதாக ஒரு சொல் எதற்கு?

புரியும் ஐயா, ஆனால் வேறு ஏதோ புரியும். ‘அவர் கை சுத்தம்’ என்றால் லஞ்சம் வாங்காதவர் என்றுதானே அர்த்தம்? ‘ஊழியர்களின் கைச்சுத்தம் கண்காணிக்கப்படுகிறது’ என்று வார்டில் எழுதி ஒட்டினால் முதலில் வருத்தப்படுபவர் பில் போடுபவராகத்தான் இருப்பார்.

நேற்று ஓர் அம்மா சொன்ன ‘கைகழுவல்’ நல்ல சொல். ‘நோயாளியைக் கைகழுவிவிட்டார்கள்’ என்ற வில்லங்கத்தை விட்டுவிடலாம், அது இடம் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடியது. என் தயக்கம் வேறு: அது பாதியைத்தான் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டியின்படி, கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியாதபோது ஆல்கஹால் கரைசலைத் தேய்ப்பதே முதல் வழி; 20 முதல் 30 நொடி போதும். ரத்தமோ மலமோ பட்டிருந்தால் சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 நொடி. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் போன்ற கிருமிகளின் வித்துகளை (கடினமான உறையுள்ள உறங்குநிலை வடிவங்களை) ஆல்கஹால் கொல்லாது என்பதால் அங்கேயும் கழுவத்தான் வேண்டும். ஆக, செயல் இரண்டு. வியன்னாவில் 1847-இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் தன் சக மருத்துவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னதும், பிண அறையிலிருந்து வந்த கையின் நாற்றம் சோப்புக்குப் போகவில்லை என்பதால்தான்.

எனவே பொதுச்சொல் ‘கைத்தூய்மை’. அதன் கீழ் ‘கைகழுவல்’, ‘கைத்தேய்ப்பு’. கைத்தூய்மை கட்டாயமான ஐந்து ‘மொமன்ட்’களுக்குத் ‘தருணம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைக் கிளற வேண்டாம்.

சரி, கையுறைக்கு வருகிறேன். இங்கேதான் சொல் தப்பானால் வேலையும் தப்பாகும். வந்த பரிந்துரை இது:

> டிஸ்போசபிள் கிளவ் = ஒருமுறைக் கையுறை

காலையில் ஒரு ஜோடி மாட்டுகிறார் ஒரு செவிலியர். முதல் படுக்கையில் சிறுநீர்ப் பையைக் காலி செய்கிறார். அதே கையோடு கட்டில் கம்பியை ஏற்றுகிறார், மருந்து செலுத்தும் பம்பின் பட்டனை அமுக்குகிறார், அப்புறம் அடுத்த படுக்கை. ‘ஒருமுறைதானே மாட்டினேன்’ என்பார், அவர் சொல்வதும் சரிதான்! பெட்டியில் 2 என்ற எண்ணை வட்டத்துக்குள் கோடு போட்டு அடித்திருப்பார்களே, ‘மறுபடி பயன்படுத்தாதே’ என்ற அந்தக் குறிக்கும் தான் மாறாக நடக்கவில்லை என்றே நினைப்பார். கழற்றவே இல்லையே, மறுபடி எங்கே வந்தது? ‘முறை’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

என் பரிந்துரை ‘ஒருபணிக் கையுறை’. ஒரு நோயாளி, ஒரு பணி. அது முடிந்ததும் குப்பைக்கு. ஒரே நோயாளிக்குக்கூட, மலம் துடைத்த கையுறையோடு ஊசி போன இடத்தைத் தொடக்கூடாது என்பதும் இதில் அடங்கிவிடுகிறது. ‘பணி என்றால் உத்தியோகம் என்று படாதா?’ என்று கேட்பீர்கள். படலாம். ‘ஒருவேலைக் கையுறை’ என்றாலும் எனக்குச் சம்மதம். பேச்சுக்கு அதுதான் இன்னும் கிட்ட இருக்கிறது.

இதற்கே ‘காப்புக் கையுறை’ என்ற பெயர் வேண்டவே வேண்டாம். 1890-ஐ ஒட்டி ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் ரப்பர் கையுறை செய்யச் சொன்னபோது நோக்கம் அதுதான்: கிருமி கொல்லப் பயன்படுத்திய பாதரசக் குளோரைடு கரைசலால் கரோலைன் ஹாம்ப்டன் என்ற செவிலியரின் கை புண்ணாகாமல் காப்பது. இன்று நோயாளியைக் காப்பதும் அதே அளவு நோக்கம். ‘காப்பு’ என்றதும் மாட்டியவர் தனக்கானது என்றே நினைப்பார், தன் கை உள்ளே பத்திரம் என்று தேய்ப்பையும் விட்டுவிடுவார். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம். கழற்றும்போது வெளிப்பக்கம் மணிக்கட்டில் உரசும். கழற்றியதும் கைத்தூய்மை கட்டாயம்.

கையுறையைக் கழற்றுவதைச் சொல்லும் ‘டாஃபிங்’ என்பதற்குக் ‘கழற்றல்’ போதும். ‘களைவு’ அழகுதான், ஆனால் வார்டில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

பாக்கி இருப்பது கைத்தேய்ப்புக்கான அந்தத் திரவத்தின் பெயர். ‘கைத்தேய்ப்பான்’ ஏதோ கருவி மாதிரி இருக்கிறது. ‘தேய்ப்புநீர்’ என்று யோசித்தேன், தண்ணீர் என்று எடுத்துக்கொள்வார்களோ என்று சந்தேகம். வேறு யோசனை வரும்வரை பட்டியலில் ‘சானிடைசர்’ என்றே இருக்கட்டும்.