தலசீமியா (பரம்பரைச் சோகை நோய்) பிள்ளைகளுக்கு மண்ணீரல் எடுக்கும்போது: மலையகத்தில் நாம் காண்பவை

பதுளை, வார்ட்டுத் தாதி:
"வயிறு பெருத்துக்கிட்டே போகுது, எடுத்துடலாமா?" என்று கேட்பவர்களிடம் முதலில் குருதி ஏற்றிய கார்டைக் கேளுங்கள். ஏற்றிய குருதி ஆண்டுக்குக் கிலோ ஒன்றுக்கு 200–220 மி.லீ. தாண்டுகிறதா? தாண்டினால்தான் எடுப்பது பற்றி யோசிக்கலாம். 20 கிலோ பிள்ளைக்கு அது 4 லீற்றருக்கு மேல். ஆனால் தோட்டத்தில் பேரு போடாமல் (வேலைக்குப் பதியாமல்) போனால் சம்பளம் வெட்டு என்று கிளினிக்கைத் தவறவிட்ட குடும்பமானால் கணக்கு ஏமாற்றும். ஹீமோகுளோபின் இறங்கினால் மண்ணீரல் தானாகவே வீங்கும். சில மாதம் ஒழுங்காக ஏற்றிவிட்டுத் தீர்மானிப்பதே சரி. 5 வயதுக்கு முன் முடிந்தவரை எடுப்பதில்லை.

கண்டி, சத்திரசிகிச்சை அறை:
அக்கா சொன்னதோடு ஸ்கானும் வேண்டும். பித்தக்கல் இருந்தால் அதே மயக்கத்தில் பித்தப்பையையும் எடுத்துவிடலாம். வலப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து 3 அல்லது 4 துளை. பெரிய மண்ணீரலில் நாடியை (குருதி கொண்டுவரும் குழாயை) முதலில் கட்டினால் உள்ளே தேங்கிய குருதி உடலுக்குத் திரும்பும், உறுப்பும் சுருங்கும். கவனம் கணையத்தின் வாலில்: அது மண்ணீரல் வாசலை (குருதிக்குழாய்கள் நுழையும் இடத்தை) ஒட்டிக் கிடக்கும். குழாய்களை மூடி வெட்டும் ஸ்டேப்ளர் அதையும் கவ்வினால் பிறகு கணையநீர் கசியும். மண்ணீரலைப் பைக்குள் போட்டு நசுக்கித்தான் வெளியே எடுப்பார்கள். பை கிழிந்தால் துணுக்குகள் வயிற்றுக்குள் ஒட்டி வளரலாம். ஸ்பீரோசைற்றோசிஸ் (செங்குருதிக் கலம் உருண்டையாகிச் சிதையும் பரம்பரை நோய்) நோயாளியிடம் பக்கத்தில் இருக்கும் குட்டி மண்ணீரல் விடுபட்டால் சோகை திரும்பலாம். இரத்தம் நிற்காவிட்டால் வயிற்றைத் திறக்க நேரும் என்பதைக் கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஹட்டன், மருந்தாளர்:
மண்ணீரல் இல்லாவிட்டால் சில கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறையும். அதனால் நியூமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ், ஹிப் ஆகிய கிருமிகளுக்கான தடுப்பூசிகள் சத்திரசிகிச்சைக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே முடிய வேண்டும். பிறகு பென்சிலின், 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வழக்கமாக 250 மி.கி., காலையும் மாலையும். "நல்லாத்தானே இருக்கான்" என்று நிறுத்துவதுதான் இங்கே பெரிய தலையிடி. காய்ச்சல் 38 பாகை தாண்டினால் பனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. சில மணித்தியாலத்தில் உயிர் போகலாம். டொக்டர் முன்கூட்டியே எழுதித்தந்த அன்டிபயோட்டிக் வீட்டில் இருக்கட்டும். முதல் டோஸைக் கொடுத்துவிட்டு 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள், லயத்துப் பாதையில் வண்டி ஏறச் சுணங்கும். நாய் கடித்தாலும் அதே அவசரம். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடானது உண்மைதான், ஆனாலும் இந்தியாவுக்குக் கோயில் பயணம் போகுமுன் மலேரியா மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

பதுளை, வார்ட்டுத் தாதி:
தம்பி, ஒன்று விட்டுப்போச்சு. எடுத்த பிறகு பிளேட்லெட் 10 இலட்சத்தையும் தாண்டும். அந்த வாரங்களில் வயிற்றுவலி, காய்ச்சல் வந்தால் காஸ்ட்ரிக் என்று விடாமல் டொப்ளர் (குருதி ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கான்) கேளுங்கள். ஈரலுக்குப் போகும் நாளத்தில் குருதி உறைந்திருக்கலாம்.